நான்கு கம்பனிகளும் ஒரு தீவும்

மின்சாரச் சட்டம் பற்றி விவசாயக் குடும்பங்களுக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். காணி, வீட்டுத்திட்டம், நட்டஈடு, காணாமற்போனோர் என எமது மக்களின் தலைக்குமேல் எத்தனையோ பாரங்கள். இவற்றின் நடுவே கொழும்பில் பாராளுமன்றம் நிறைவேற்றிய ஒரு சட்டத்தை வாசித்து விளங்க எமக்கு எங்கே நேரம்? ஆயினும் வாசித்தே ஆகவேண்டும். திரும்பி வந்து கூரை போட்ட வீட்டில் இரவில் ஒரு குமிழ் எரியுமா, தோட்டக் கிணற்றில் மோட்டர் ஓடுமா என்பதெல்லாம் அந்தச் சட்டத்தின் சில வரிகளிலேயே தங்கியிருக்கின்றன.

2024 யூன் மாதத்தில் இலங்கைப் பாராளுமன்றம் புதிய மின்சாரச் சட்டமொன்றை நிறைவேற்றியது. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் என்பது அதன் பெயர். 1969ஆம் ஆண்டு தொடக்கம் ஒரே நிறுவனமாக இயங்கிவந்த இலங்கை மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிப்பதற்கு அது வழிவகுத்தது. ஆட்சி மாறியபின் 2025 ஆகஸ்டில் அச்சட்டம் திருத்தப்பட்டது. திருத்தத்தின்படி முழுவதும் அரசுக்குச் சொந்தமான நான்கு கம்பனிகள் சபையின் பிரதான வேலைகளைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். மின்சாரத்தை உற்பத்தி செய்ய ஒன்று. பெரிய கம்பிகளில் தூர இடங்களுக்குக் கடத்த ஒன்று. வீடுகளுக்கு விநியோகிக்க ஒன்று. எந்த நேரத்தில் எந்த மின்நிலையம் இயங்க வேண்டும் என்று நாடு முழுவதையும் நெறிப்படுத்த ஒன்று.

இந்த மாற்றத்தைப் பற்றிக் கொழும்பில் நடந்த விவாதங்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைச் சுற்றியே இருந்தன. இது தனியார்மயத்துக்கு முதற்படியா? சபை ஊழியர்களின் கதி என்ன? இரண்டும் நியாயமான கேள்விகளே. தீவகத்தில் இருந்து பார்க்கும் எமக்கோ மூன்றாவது கேள்வியொன்று முன்னே நிற்கிறது. இலாபம் தராத இடத்துக்கும் விளக்குக் கொடுக்க வேண்டும் என்ற கடமை இந்த நான்கில் யாருடைய தலையில் விழுகிறது?

தீவகத்தில் இரு வகை மின்சாரம்

கரம்பொனில் நின்று பார்த்தால் இக்கேள்வியின் கனதி நன்றாக விளங்கும். கரம்பொன் இருக்கும் வேலணைத்தீவு, மண்டைதீவு, புங்குடுதீவு ஆகியவை தாம்போதிகளால் யாழ்ப்பாணத்தோடு தொடுக்கப்பட்டவை. வீதி வந்த வழியே கம்பியும் வந்தது. கடல் குறுக்கிடும் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவற்றின் நிலை வேறு. அவற்றுக்கு நாட்டின் மின்கம்பி எட்டவில்லை. தீவிலேயே ஜெனறேற்றர் வைத்து, படகில் டீசல் ஏற்றி, அங்கேயே மின்சாரம் உண்டாக்கி, அங்கேயே விநியோகித்து வந்தார்கள். எழுவைதீவில் மாத்திரம் சூரிய ஒளி, காற்று, மின்கலம், டீசல் ஆகியவற்றைக் கலந்த ஒரு சிறிய நிலையம் பரீட்சார்த்தமாக அமைக்கப்பட்டது.

கம்பி எட்டிய எமது ஊரிலும் எல்லாம் சுமுகமாக இல்லை. 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவக மக்கள் கூட்டம் கூட்டமாக இடம்பெயர்ந்தனர். யாழ்ப்பாணத்துக்கும், பின்னர் வன்னிக்கும், கொழும்புக்கும், தமிழ்நாட்டுக்கும், கனடா, பிரான்ஸ், சுவிஸ் என்று கடல்கடந்தும் சிதறினர். அவர்கள் விட்டுச் சென்ற கல்வீடுகளில் பலவற்றுக்கு இன்று சுவர்களே மிச்சம். ஒழுங்கையில் இடையிடையே, ஒன்றுக்கொன்று எட்டத்தில், திரும்பி வந்தவர்களின் வீடுகள் இருக்கின்றன. நெருக்கமான நகர வீதியொன்றில் ஒரு மின்கம்பத்தால் பல வீடுகள் பயன்பெறும். இங்கே ஒரு வீட்டுக்காகப் பல கம்பங்கள் நடவேண்டியிருக்கும். கணக்குப் பார்க்கும் எந்த நிறுவனத்துக்கும் இது நட்டம்தான்.

வடபகுதியில் நடுவயதைத் தாண்டியவர்களுக்கு மின்சாரம் இல்லாத வாழ்வை விளக்கத் தேவையில்லை. 1990இல் போர் மீண்டும் மூண்டதோடு தெற்கிலிருந்து வந்த கம்பி அறுந்தது. லக்சபானா மின்சாரம் என்று நாம் சொல்லிப் பழகியது பழங்கதையாயிற்று. ஜாம் போத்தலில் மண்ணெண்ணெயும் திரியும் இட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். பின்னர் சுன்னாகத்தில் டீசல் இயந்திரங்கள் வந்தன. போர் முடிந்து சில ஆண்டுகளின் பின்னரே குடாநாடு மீண்டும் தேசிய மின்தொகுதியோடு இணைக்கப்பட்டது. விளக்கு அணைவது என்றால் என்ன என்பதை அறிந்த சனங்கள் நாம். ஆகவே விளக்கு யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று கேட்கும் உரிமை மற்றெவரையும்விட எமக்கு அதிகம்.

ஒரே கட்டணத்தின் பெறுமதி

கொழும்பில் இருப்பவரும் நெடுந்தீவில் இருப்பவரும் ஒரே அளவு மின்சாரத்துக்கு ஒரே கட்டணம் செலுத்துவது இந்நாட்டில் நீண்டகாலமாக இருந்துவரும் முறை. இது எவ்வளவு பெரிய விடயம் என்பதை நாம் அநேகமாக நினைத்துப் பார்ப்பதில்லை. படகில் டீசல் கொண்டுபோய் உண்டாக்கும் ஓர் அலகு மின்சாரத்துக்கு ஆகும் செலவு, லக்சபானாவில் தண்ணீரால் உண்டாக்கும் அலகின் செலவைவிடப் பல மடங்கு அதிகம். அந்த வித்தியாசத்தை ஒரே சபையின் ஒரே கணக்குப் புத்தகம் விழுங்கிக்கொண்டது. கொழும்பின் பெரிய கடைக்காரர் அறியாமலே நெடுந்தீவின் ஒரு மீனவக் குடும்பத்துக்குக் கைகொடுத்தார். பொதுத்துறை என்பதன் பொருளே அதுதான்.

இப்போது கணக்குப் புத்தகம் நான்காகிறது. ஒவ்வொரு கம்பனியும் தனது செலவைத் தானே காட்ட வேண்டும். செலவுக்கேற்ற வருமானம் வேண்டும் என்று கேட்கும். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு ஏற்பட்ட உடன்பாட்டிலும், செலவை ஈடுசெய்யும் மின்கட்டணம் என்பது ஒரு முக்கிய நிபந்தனை. ஒளிவுமறைவற்ற கணக்கை நாம் வரவேற்கிறோம். எந்தத் தீவுக்கு எவ்வளவு செலவாகிறது என்பது வெளிச்சத்துக்கு வருவதில் தவறில்லை. ஆனால் வெளிச்சத்துக்கு வந்த செலவை வெட்ட வேண்டும் என்று நாளைக்கு ஒரு கணக்காளர் சொல்வார். அன்று அவருக்குப் பதில் சொல்லச் சட்டத்தில் ஒரு வரி இருக்க வேண்டும்.

செலவை ஈடுசெய்யும் கட்டணம் ஏழை வீட்டில் எப்படி இறங்கும் என்பதை நாம் ஏற்கெனவே கண்டுவிட்டோம். மாதம் 30 அலகு பாவிக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு மூன்று குமிழ்களும், ஒரு மின்விசிறியும், கைத்தொலைபேசிக்கு ஏற்றும் மின்சாரமும் அதற்குள் அடங்கும். 2022 ஆகஸ்டுக்கு முன் அந்த வீடு அலகுக்கு 2 ரூபா 50 சதமும் நிலையான கட்டணம் 30 ரூபாவும் கொடுத்தது; மொத்தம் 105 ரூபா. 2022 ஆகஸ்டில் அது 360 ரூபாவாயிற்று. 2023 பெப்ரவரியில் அலகுக்கு 30 ரூபா, நிலையான கட்டணம் 400 ரூபா என்றாகி 1,300 ரூபாவை எட்டியது. ஆறு மாத இடைவெளியில் இரண்டு முறை உயர்ந்து, 105 ரூபா 1,300 ரூபாவாகியது. அதே ஆண்டு யூலையில் 450 ரூபாவாகக் குறைக்கப்பட்டது. அதன் பின்னரும் ஏற்ற இறக்கங்கள் இருந்தன. நாட்டில் மிகக் குறைவாக மின்சாரம் பாவித்தவரே விகிதப்படி மிக அதிகமான உயர்வைச் சுமந்தார் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

தோட்டத்தின் கதையும் இதுவே. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவுக்கு ஏறியது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மண்ணெண்ணெய் மிஷினால் இறைத்தவர்கள் இறைப்பைக் குறைத்தார்கள், அல்லது தறையைத் தரிசாக விட்டார்கள். மின்மோட்டர் வைத்தவர்கள் அடுத்த பெப்ரவரியில் அதே அடியை வாங்கினார்கள். விவசாயிக்கு மின்சாரம் ஒரு சொகுசு அன்று; அது பசளை, விதையைப் போன்ற ஓர் உள்ளீடு. அதன் விலையை ஆறு மாதத்துக்குள் பல மடங்காக்கினால் பயிர்செய்கைத் திட்டமே குலைந்துபோகும்.

தமிழ்நாட்டுப் பாடம்

தமிழ்நாட்டில் முகாம்களில் வாழ்ந்து திரும்பிய எமது உறவுகளுக்கு அங்குள்ள இலவச விவசாய மின்சாரம் பற்றித் தெரியும். அங்கேயும் 1957இல் உருவான மின்சார வாரியம் 2010 நவம்பரில் கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டது. 2024இல் உற்பத்தியும் விநியோகமும் மீண்டும் பிரிக்கப்பட்டன. வாரியம் உடைந்தும் விவசாயியின் இலவச மின்சாரம் உடையவில்லை. அதற்கு அரசியல் காரணம் உண்டு. சட்டக் காரணமும் உண்டு. இந்தியாவின் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 65ஆம் பிரிவு ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்கிறது. யாராவது ஒரு பிரிவினருக்குக் கட்டணச் சலுகை கொடுக்க மாநில அரசு விரும்பினால், அந்தச் சலுகையின் பணத்தை அரசு மின் நிறுவனத்துக்கு முற்கூட்டியே செலுத்த வேண்டும்.

இதில் இரண்டு நன்மைகள் உள்ளன. சலுகை என்ற பெயரில் மின் நிறுவனத்தைக் கடனில் தள்ள அரசுக்கு இயலாது. நட்டம் என்ற பெயரில் ஏழையின் இணைப்பைத் துண்டிக்க நிறுவனத்துக்கும் இயலாது. நடைமுறையில் தாமதங்களும் குழப்பங்களும் அங்கே இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டின் மின் நிறுவனம் பெருங்கடனில் தத்தளித்ததையும் நாம் அறிவோம். ஆயினும் கொள்கை சரியானது. தர்மம் செய்ய விரும்புபவர் தமது பையிலிருந்து செய்ய வேண்டும். செய்வதாகச் சொன்னால் எழுதிவைத்துச் செய்ய வேண்டும். இலங்கையிலும் தீவுகளுக்கான மேலதிகச் செலவை வரவு செலவுத் திட்டத்தில் ஒரு தனி வரியாக எழுத வேண்டும் என்பது எமது முதற் கோரிக்கை.

கடத்தல் கம்பியே இல்லாத தீவில்

நெடுந்தீவில் மின்சாரத்தைத் தூரத்துக்குக் கடத்தும் பெருங்கம்பி கிடையாது. உற்பத்தி செய்யும் இயந்திரமும், வீட்டுக்குப் போகும் வயரும், மீற்றர் வாசிக்கும் மனிதரும் ஒரே வளவுக்குள் இருப்பவை. நாடு முழுவதுக்குமாக நான்காகப் பிரித்த சட்டம் இந்தத் தீவில் எதை எப்படிப் பிரிக்கும்? இயந்திரம் பழுதானால் உற்பத்திக் கம்பனியிடம் போவதா? விளக்கு எரியாவிட்டால் விநியோகக் கம்பனியிடம் போவதா? டீசல் வரவில்லை என்றால் யாரிடம்? ஒருவர் மற்றவரைக் காட்ட, சனங்கள் இறங்குதுறையில் நின்று அலைய வேண்டி வரும். பிரதேச செயலகத்துக்கும் கச்சேரிக்கும் இடையே அலைந்து பழகிய எமக்கு இந்த அனுபவம் புதிதல்ல. தேசிய மின்தொகுதியோடு இணையாத ஒவ்வொரு தீவுக்கும் முழுப் பொறுப்பான ஒரே நிறுவனத்தைப் பெயர் குறித்து வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். இது எமது இரண்டாவது கோரிக்கை.

இத்தீவுகளின் மின்சாரம் அண்மைய ஆண்டுகளில் நாடுகளுக்கிடையிலான விவகாரமாகவும் மாறியது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் கலப்பு மின்நிலையங்கள் அமைக்கும் வேலையை, ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியோடு ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்கு வழங்க 2021 ஜனவரியில் அமைச்சரவை அனுமதித்தது. தமிழ்நாட்டுக் கரைக்கு அண்மையில் சீன நிறுவனமா என்று இந்தியா ஆட்சேபித்தது. அந்த வருட இறுதியில் வேலை நிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில் இந்திய நன்கொடையில் செய்வதென உடன்பாடு எழுதப்பட்டது. 2024 மார்ச் 1ஆம் திகதி பெங்களூரைச் சேர்ந்த யூ சோலார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நன்கொடை ஏறத்தாழ 1 கோடி 10 இலட்சம் அமெரிக்க டொலர். மூன்று தீவுகளுக்குமாக 530 கிலோவாற் காற்று, 1,700 கிலோவாற் சூரிய ஒளி, 2,400 கிலோவாற் மணி சேமிக்கும் மின்கலங்கள், துணைக்கு 2,500 கிலோவாற் டீசல் என்பது திட்டம்.

நன்கொடை வரவேற்கத்தக்கது. கடன் சுமை இல்லாமல், டீசலைக் குறைத்து, கடற்காற்றையும் வெயிலையும் பயன்படுத்துவது தீவுகளுக்கு நல்லதே. ஆனால் மூன்று ஆண்டுகளாக டில்லியும் பெய்ஜிங்கும் கொழும்பும் பேசிய இவ்விடயத்தில் நெடுந்தீவு மக்களின் குரல் எங்கே கேட்டது? திட்டம் எந்த நாட்டுடையது என்பதைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு, மின்கலம் ஆயுள் முடிந்தால் மாற்றுவதற்கான பணம் யாருடையது என்பதைப் பற்றி எழுதப்படவில்லை. காற்றாடியும் மின்கலமும் கோயில் மணியைப் போல ஒருமுறை வாங்கிக் கட்டிவிட்டால் தலைமுறைக்கும் நிற்பவை அல்ல. உப்புக்காற்று இரும்பைத் தின்னும். மின்கலத்துக்குக் குறித்த ஆயுள்தான் உண்டு. பராமரிப்புக்கு ஒதுக்கீடும், பயிற்றப்பட்ட உள்ளூர் இளைஞர்களும் இல்லாவிட்டால் நன்கொடை சில ஆண்டுகளில் பழைய இரும்பாகிவிடும். எமது தொண்டு வேலைகளில் இவ்வாறு கைவிடப்பட்ட தண்ணீர்த் தாங்கிகளையும் இயந்திரங்களையும் கண்டு நாம் களைத்துப்போனோம்.

சுன்னாகம் சொன்ன தீர்ப்பு

பொதுமக்களுக்கு மின்சாரம் கொடுப்பவர் பொதுமக்களுக்குப் பதில் சொல்லவும் வேண்டும் என்பதை எமக்கு மிக அருகிலேயே ஒரு வழக்கு நிறுவியுள்ளது. சுன்னாகத்தில் மின்சார சபைக்கு மின்சாரம் விற்ற தனியார் நிலையமொன்றின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்ததாக மக்கள் முறையிட்டனர். கிணற்று நீரில் எண்ணெய் மிதந்தது. வலிகாமத்தின் தோட்டக்காரருக்குக் கிணறே உயிர் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2015இல் தென்னிலங்கைச் சுற்றாடல் ஆர்வலர் ஒருவர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவொன்றைத் தாக்கல் செய்தார். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதன் விலையையும் கொடுக்க வேண்டும் என்ற நியதியின்படி நொதேர்ன் பவர் கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் எனக் கட்டளையிட்டது.

இத்தீர்ப்பில் எமக்கு மூன்று பாடங்கள். மின்சாரம் அவசரமாகத் தேவை என்பதைக் காட்டிச் சுற்றாடல் அனுமதிகளைத் தாண்டிப் போக இயலாது. இயந்திரத்தைத் தனியாருக்குக் கொடுத்தாலும் கண்காணிக்கும் கடமை அரசைவிட்டுப் போகாது. மூன்றாவது பாடமே முக்கியமானது: வழக்குப் போட்டவர் தமிழரல்லர், சுன்னாகத்தவருமல்லர், ஆனால் கிணற்று நீரின் மாதிரியும் சாட்சியமும் சுன்னாகத்து மக்களிடமிருந்தே வரவேண்டியிருந்தது. எழுதி வைத்தவர்களுக்கும் அளந்து வைத்தவர்களுக்கும்தான் நீதிமன்றத்தின் கதவு திறக்கிறது.

கட்டுப்படுத்தும் அதிகாரம் யாரிடம்?

மின்கட்டணத்தைத் தீர்மானிப்பதும், பாவனையாளர் முறைப்பாடுகளைக் கேட்பதும் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் பொறுப்பு. 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அதனை உருவாக்கியது. விற்பவரிடமிருந்தும் ஆள்பவரிடமிருந்தும் ஓரளவு விலகி நின்று நடுவராக இருப்பதே அதன் நோக்கம். ஆனால் 2023 மே 24ஆம் திகதி, கட்டண உயர்வை வெளிப்படையாக எதிர்த்த அதன் தலைவரைப் பாராளுமன்றம் 123க்கு 77 என்ற வாக்குகளால் பதவி நீக்கியது. அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களில் எவை சரி, எவை பிழை என்ற விவாதத்துக்குள் நாம் செல்லவில்லை. நடுவர் ஒருவர் பெரும்பான்மை வாக்கினால் மைதானத்தைவிட்டு வெளியேற்றப்படலாம் என்றால் அடுத்த நடுவர் விசில் ஊதுமுன் பலமுறை யோசிப்பார் என்பது மாத்திரம் நிச்சயம்.

சட்டத்தை ஓர் ஒப்பந்தத்துக்காக வளைக்கும் பழக்கமும் இங்கே உண்டு. 2022 யூனில் செய்யப்பட்ட திருத்தமொன்று, மின்நிலையங்களுக்குப் போட்டிக் கேள்விப்பத்திரம் கோரவேண்டும் என்ற கட்டாயத்தைத் தளர்த்தியது. மன்னாரிலும் பூநகரியிலும் அதானி நிறுவனம் அமைக்கவிருந்த 484 மெகாவாற் காற்றாலைத் திட்டத்துக்கு வழிவிடவே இது என்று எதிர்க்கட்சிகள் அப்போதே குற்றஞ்சாட்டின. அலகுக்கு 8.26 அமெரிக்க சதம் என்று பேசப்பட்ட விலையைப் புதிய அரசாங்கம் மீளாய்வு செய்ய முற்பட்டதும், 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. அதே மன்னாரில் மின்சார சபையே சொந்தமாகக் கட்டிய 100 மெகாவாற் தம்பபவனி காற்றாலை 2020 டிசம்பரிலிருந்து இயங்கி வந்தது. பொது நிறுவனத்தால் இயலாது என்று சொல்பவர்கள் அதை ஒருமுறை போய்ப் பார்க்கலாம். மன்னார் மக்கள் மேலதிகக் காற்றாலைகளை எதிர்த்து எழுப்பிய கேள்விகளும் மறக்கப்படக்கூடாது. காற்று எமது கரையில் வீசுகிறது, காணியும் எமது, தீர்மானம் மட்டும் வேறெங்கோ எடுக்கப்படுகிறது என்பதே அவர்களின் மனக்குறை.

உரிமையாளரா, குடியிருப்பவரா?

இனி இடம்பெயர்ந்த குடும்பங்களை நேரடியாகத் தொடும் விடயத்துக்கு வருகிறோம். 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மின்சாரச் சட்டத்தில், ஒரு கட்டடத்தின் உரிமையாளரோ அதில் குடியிருப்பவரோ கேட்டால் மின்சாரம் வழங்குவது விநியோகிப்பவரின் கடமை என்று எழுதப்பட்டிருந்தது. 'குடியிருப்பவர்' என்ற அந்த ஒரு சொல் எமது மக்களுக்கு எத்தனை பெரிய ஆறுதல்! உறுதி எரிந்துபோனவர்கள், தாய்தகப்பன் இறந்தபின் பங்கு பிரிக்காத காணியில் இருப்பவர்கள், வெளிநாட்டில் உள்ள சகோதரத்தின் வீட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பவர்கள், வலிகாமம் வடக்கிலிருந்து எழுந்து பல்லாண்டுகளாகப் பிறர் காணியில் நலன்புரி நிலையங்களில் வாழ்ந்தவர்கள் என எல்லோரும் அந்தச் சொல்லுக்குள் அடங்குவர்.

நடைமுறையிலோ உறுதி எங்கே, அற்றோணித் தத்துவம் எங்கே, காணிச் சொந்தக்காரரின் சம்மதக் கடிதம் எங்கே என்ற கேள்விகளோடு பலர் திரும்பி அனுப்பப்படுகின்றனர். சொந்தக்காரர் ரொறொன்ரோவில் இருப்பார். அல்லது அவரின் ஐந்து பிள்ளைகள் ஐந்து நாட்டில் இருப்பார்கள். அவர்களுக்கும் ஒரு பயம் உண்டு. கரண்ட் பில் குடியிருப்பவரின் பெயருக்கு மாறினால், பத்து வருடம் கழித்து ஆட்சியுரிமை கோரிக் காணியையே எடுத்துவிடுவார்களோ என்ற பயம். இரு பக்கத்து நியாயத்தையும் நாம் விளங்கிக்கொள்கிறோம். மின்கட்டணச் சீட்டு ஓர் உறுதி ஆகாது. அது ஒருவர் அங்கே குடியிருந்தார் என்பதற்கு ஒரு சான்றாகலாம். காணி அவருடையது என்று அது சொல்லாது. உறவினருக்குள் ஒரு பக்கத்தில் அடங்கும் எழுத்து உடன்பாடு, 'உங்கள் சம்மதத்தோடு இருக்கிறேன்' என்று கையெழுத்திட்டால், பெரும்பாலும் இரு தரப்பின் பயமும் தீரும். சம்மதத்தோடு இருப்பவர் அந்தச் சம்மதத்தை மறுத்து எதிராட்சி கோருவது கடினம்.

இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 2022 மே மாதத்தில் ஒரு வழக்கில், மின்சாரம் அடிப்படை வசதி. வீட்டுச் சொந்தக்காரர் சம்மதம் தரவில்லை என்பதற்காக வாடகைக்கு இருப்பவருக்கு அதை மறுக்க முடியாது என்று சொன்னது. விண்ணப்பித்தவர் அங்கே குடியிருக்கிறாரா என்பதை மட்டுமே மின் நிறுவனம் பார்க்கவேண்டும் என்பது அதன் சாரம். அது எமது நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் நியாயம் ஒன்றே. அதே இந்திய நீதிமன்றம் 2023 மே மாதத்தில் இன்னொரு வழக்கில், முன்னைய சொந்தக்காரர் விட்ட மின்நிலுவையைப் புதிய சொந்தக்காரரிடம் கேட்க மின் நிறுவனங்கள் விதி செய்யலாம் என்றும் தீர்ப்பளித்தது. இது எமக்கு ஓர் எச்சரிக்கை. பூட்டிக் கிடந்த வீடுகளின் பழைய நிலுவை, நிலையான கட்டணம், வட்டி ஆகியவை திரும்பி வருபவரின் தலையில் சுமத்தப்படக்கூடாது. போரினால் வெளியேறிய காலத்துக்குரிய நிலுவை எந்தப் புதிய இணைப்புக்கும் தடையாகாது என்று விதிகளில் எழுதப்பட வேண்டும். 'குடியிருப்பவர்' என்ற சொல் புதிய விதிகளில் எங்கும் தவறவிடப்படக்கூடாது. இது எமது மூன்றாவது கோரிக்கை.

மறுபக்கத்து நியாயம்

மின்சார சபை பழைய நிலையிலேயே இருந்திருக்க வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. அது நட்டத்தில் ஓடியது. திட்டமிடல் தாமதித்தது. வருடக்கணக்காகப் புதிய நிலையங்கள் கட்டப்படாமல், அவசர மின்சாரம் என்ற பெயரில் அதிக விலைக்கு வாங்கப்பட்டது. 2022இல் நாடு முழுவதும் நாளுக்கு நாள் மணிக்கணக்கில் இருளில் கிடந்தது. தமிழில் ஒரு கடிதம் எழுதினால் தமிழில் பதில் வருவது அருமையாக இருந்தது. இவற்றைத் திருத்தவேண்டும் என்பதில் இரண்டு கருத்தில்லை.

வீடு பழுது என்றால் சுவரை இடித்துப் புதுப்பிக்கலாம். ஆனால் அத்திவாரத்தில் எது இருந்தது என்று தெரிந்து இடிக்க வேண்டும். சபையின் அத்திவாரத்தில் இருந்தது ஒரு வாக்குறுதி: நீ எங்கே இருந்தாலும், உன்னால் எமக்கு இலாபம் இல்லாவிட்டாலும், உனக்கும் விளக்கு உண்டு என்ற வாக்குறுதி. அது பல இடங்களில் காப்பாற்றப்படவில்லை என்பது உண்மை. ஆனால் காப்பாற்றப்படாத வாக்குறுதியைக் காட்டி உரிமை கேட்கலாம். எழுதப்படாத வாக்குறுதியைக் காட்டி எதையும் கேட்க முடியாது.

நாம் செய்யக்கூடியவை

கட்டணம் மாற்றப்படும் ஒவ்வொரு முறையும் ஆணைக்குழு பொதுமக்களின் கருத்தை எழுத்திலும் நேரிலும் கேட்கிறது. தீவகத்திலிருந்து போகும் கருத்துக்கள் மிகக் குறைவு. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு, கடற்றொழிலாளர் சங்கம் ஆகியவை ஒன்றுகூடித் தமிழிலேயே ஒரு கடிதம் எழுதலாம். நீண்ட வியாக்கியானம் தேவையில்லை. ஊரில் எத்தனை குடும்பம், எத்தனைக்கு இணைப்பு இல்லை, எத்தனை விண்ணப்பம் என்ன காரணத்துக்காகத் திருப்பப்பட்டது, எத்தனை வீடு கட்டணம் கட்ட இயலாமல் துண்டிக்கப்பட்டது என்ற கணக்கு ஒரு பக்கத்தில் இருந்தால் போதும்.

இணைப்புக்கு விண்ணப்பிப்பவர்கள் வாய்ப்பேச்சோடு திரும்பி வரவேண்டாம். மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். குடியிருப்பை உறுதிப்படுத்தும் கிராம அலுவலரின் கடிதம், வாக்காளர் பதிவு, குடும்ப அட்டை, மீள்குடியேற்றப் பதிவு ஆகியவற்றின் பிரதிகளை ஒரு கோப்பில் வைத்திருங்கள். வெளிநாட்டில் உள்ள காணிச் சொந்தக்காரர்கள் உங்கள் வளவில் இருப்பவருக்கு ஒரு சம்மதக் கடிதம் அனுப்புங்கள். ஊருக்குச் செய்யக்கூடிய மிகச் சிறிய உதவியும் மிகப் பெரிய உதவியும் அதுவே. காணிக்கு மேலாகக் கம்பி இழுக்கவோ காற்றாடி நடவோ அறிவித்தல் வந்தால், சொந்தக்காரர் ஊரில் இல்லை என்று அதைக் கிழித்துப் போடாமல் அவருக்கு அறிவியுங்கள்; ஆட்சேபிப்பதானால் குறித்த நாளுக்குள் ஆட்சேபியுங்கள்.

எமது மக்கள் பிரதிநிதிகளிடமும் ஒன்று கேட்கிறோம். மின்சாரத்தைப் பற்றிப் பாராளுமன்றத்தில் பேசும்போது காற்றாலை எந்த நாட்டுக்கு என்ற கேள்வியோடு நின்றுவிடாதீர்கள். மூன்று சிறிய வரிகளைச் சட்டத்திலோ அதன் கீழ் வரும் விதிகளிலோ எழுதச் செய்யுங்கள்: தீவுகளின் மேலதிகச் செலவை அரசு தனது நிதியிலிருந்து வெளிப்படையாகக் கொடுக்கும், ஒவ்வொரு தனித்தீவுக்கும் பெயர் குறித்த ஒரு நிறுவனம் பொறுப்பு, குடியிருப்பவருக்கு இணைப்புக் கொடுப்பது கடமை, போர்க்கால நிலுவை அதற்குத் தடையல்ல.

முப்பது வருடங்களுக்கு மேலாக ஊரைவிட்டு இருந்தவர்கள் திரும்பி வந்து முதலில் செய்வது கிணற்றைத் துப்புரவாக்குவது. அடுத்தது வெளிச்சத்துக்கு ஓர் ஏற்பாடு பார்ப்பது. கிணற்றுக்கு நாமே இறங்கலாம். கம்பத்தையும் கம்பியையும் நாமே நட இயலாது. அதற்காகத்தான் பொது நிறுவனம் ஒன்று வேண்டியிருக்கிறது. அது ஒன்றாக இருந்தாலும் நான்காக இருந்தாலும், கடைசி ஒழுங்கையின் கடைசி வீட்டுக்கு யார் பொறுப்பு என்பதை அது எழுதித் தரவேண்டும்.